வீட்டு வேலைக்குப் பேட்டரி டிரில்: எதை வாங்குவது, எப்படி ஓட்டுவது

என்னுடைய முதல் கார்ட்லெஸ் டிரில்லை வோல்ட்டைப் பார்த்துத்தான் வாங்கினேன். இருந்ததிலேயே எது பெரிய எண்ணோ அதுதான் நல்லது என்று நினைத்தேன். முதல் வேலை, தொங்கிப்போன ஓர் அலமாரிக் கதவின் கீலை இறுக்குவது. திருகை வைத்து விசையை அழுத்தினேன், ஒரு நொடிகூட ஆகியிருக்காது, திருகின் தலை கீலில் போய் மோதி, அதற்கு மேலும் சுற்றி, உள்ளே இருந்த மரம் தூளாகி, திருகு பிடிமானமே இல்லாமல் சும்மா சுற்ற ஆரம்பித்துவிட்டது. சாதாரண ஸ்க்ரூடிரைவரால் இறுக்கியிருந்தால் அந்த ஓட்டை கெட்டிருக்காது. டிரில்லின் முன்பக்கம் 1 முதல் 20 வரை எண் போட்ட ஒரு வளையம் இருந்தது. அதை 5-இல் வைத்திருந்தால் இயந்திரமே அந்த இடத்தில் விட்டுக்கொடுத்திருக்கும். பெட்டியின் மேல் அந்த வளையத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது, வோல்ட் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது.

அதற்கப்புறம் பல வருடங்களாகத் திரைக்கம்பி, அலமாரி, கட்டில், குளியலறைக் கண்ணாடி என்று வீட்டில் எல்லாவற்றையும் நானே மாட்டி, கழற்றி, திரும்ப மாட்டிப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. சக்தி போதாமல் கெடும் வேலைகள் குறைவு. டிரில்லின் முனையில் மாட்டும் பிட் பொருந்தாதது, வேகம் தவறானது, முறுக்கு, அதாவது சுற்றும் பலம், தேவைக்கு மேல் போவது, இந்த மூன்றினால் கெடுவதுதான் அதிகம். அதை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

முதலில் இந்த வோல்ட் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஒரு டிரில்லில் 18 வோல்ட் என்றும் பக்கத்தில் இருப்பதில் 20 வோல்ட் மேக்ஸ் என்றும் போட்டிருக்கும். இரண்டும் ஒன்றுதான். உள்ளே இருப்பது ஐந்து லித்தியம் அயான் செல்கள், ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தவை. ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட், ஐந்து சேர்ந்தால் 18. சார்ஜ் முழுசாக ஏறிய கையோடு அளந்தால் ஒவ்வொன்றும் 4 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், அப்போது மொத்தம் 20-ஐத் தொடும். ஒருவர் சராசரியைப் போடுகிறார், இன்னொருவர் உச்சத்தைப் போடுகிறார், அவ்வளவுதான். இதே மாதிரி 10.8 என்பதும் 12 வோல்ட் மேக்ஸ் என்பதும் மூன்று செல்களின் இரண்டு பெயர்கள். ஆக, 18-ஐ விட்டுவிட்டு 20-க்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

உண்மையான கேள்வி 12-ஆ 18-ஆ என்பது. உங்கள் வேலை அலமாரி பூட்டுவது, கீல் மாற்றுவது, பிளைவுட்டிலும் மரத்திலும் ஓட்டை போடுவது, எப்போதாவது மெல்லிய தகரம் துளைப்பது என்ற அளவில் நிற்கும் என்றால் 12 வோல்ட் டிரில் தாராளமாகப் போதும். இன்றைய நல்ல 12 வோல்ட் இயந்திரம் ஏறத்தாழ 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு தரும், சமையலறை அலமாரி முழுவதையும் கழற்றி மாட்ட அது எதேஷ்டம். எடை ஒரு கிலோவைச் சுற்றி இருக்கும். ஏணியில் நின்று தலைக்கு மேலே கையைத் தூக்கி இருபது திருகு போடும்போதுதான் அரை கிலோ வித்தியாசத்தின் அருமை தெரியும். செங்கல் சுவரில் அடிக்கடி துளைக்க வேண்டும், தடித்த மரத்தில் பெரிய வட்ட ஓட்டை வெட்ட வேண்டும், நீளமான தடித்த திருகுகளை முழுசாக இறக்க வேண்டும் என்றால் மட்டும் 18-க்குப் போங்கள். அதில் 50, 60 நியூட்டன் மீட்டர் சாதாரணமாகக் கிடைக்கும்.

அந்த நியூட்டன் மீட்டரிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சில பெட்டிகளில் இரண்டு எண்கள் இருக்கும், ஒன்று ஹார்டு, ஒன்று சாஃப்ட். ஹார்டு என்பது இரும்போடு இரும்பு மோதி நிற்கும் அந்தக் கணத்து உச்சம். மரத்தில் திருகு மெல்ல இறங்கும்போது கிடைப்பது சாஃப்ட் எண், ஏறத்தாழ அதில் பாதி. ஒரே ஓர் எண் மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால் அது ஹார்டு எண்ணாகத்தான் இருக்கும்.

அடுத்து பேட்டரி. 2.0, 4.0, 5.0 என்று போட்டிருப்பது ஆம்பியர் அவர். அதை வோல்ட்டால் பெருக்கினால் உள்ளே எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று வந்துவிடும். 18 வோல்ட், 2.0 என்றால் 36 வாட் அவர். ஒரு பெரிய பேட்டரியைவிட இரண்டு சிறியவை வாங்குவதையே நான் சொல்வேன். ஒன்று ஓடும்போது ஒன்று சார்ஜ் ஆகும், கையிலும் கனக்காது. பெரிய பேட்டரி தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. அதில் செல்கள் இரட்டை வரிசையாக இருப்பதால் சுமை ஏறும்போது மின்னழுத்தம் அவ்வளவு விழாது, எனவே பெரிய வட்ட வெட்டு மாதிரி விடாமல் இழுக்கும் வேலையில் அதே டிரில் தெம்பாக ஓடும். வீட்டில் அந்த மாதிரி வேலை வருடத்துக்கு எத்தனை முறை வரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நீங்கள் வாங்குவது டிரில் மட்டும் இல்லை, அந்தப் பேட்டரியின் குடும்பத்தை. ஒரு கம்பெனியின் பேட்டரி இன்னொரு கம்பெனி இயந்திரத்தில் பொதுவாகப் பொருந்தாது. நாளைக்கு ஒரு சிறிய ரம்பமோ, தேய்க்கும் சாண்டரோ வேண்டும் என்றால் அதே குடும்பத்தில் பேட்டரி இல்லாமல் வெறும் இயந்திரத்தை மட்டும் குறைந்த விலைக்கு வாங்கலாம். நான் ஒருமுறை மலிவாகக் கிடைக்கிறதே என்று பெயர் தெரியாத ஒன்றை வாங்கினேன். டிரில் நன்றாகத்தான் ஓடியது, ஆனால் இரண்டு வருடத்தில் பேட்டரி படுத்ததும் அதற்கு மாற்று எங்கும் கிடைக்கவில்லை, நல்ல மோட்டார் ஒன்று பெட்டியிலேயே கிடந்து வீணானது. எனவே தனி பேட்டரி கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள், அப்புறம் மற்றதைக் கேளுங்கள்.

பிரஷ்லெஸ் என்று எழுதியிருப்பதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். பழைய வகை மோட்டாரில் இரண்டு கார்பன் பிரஷ்கள் சுற்றும் பகுதியில் உரசிக்கொண்டே மின்சாரம் கொடுக்கும். உரசலில் சூடு, தேய்மானம், சில சமயம் நீல நிறப் பொறி. பிரஷ்லெஸ்ஸில் அந்த உரசல் இல்லை, மின்னோட்டத்தை எப்போது எந்தச் சுருளுக்குத் தருவது என்பதை ஒரு சின்ன மின்னணுப் பலகை பார்த்துக்கொள்கிறது. அதே பேட்டரியில் கூடுதல் நேரம் ஓடும், இயந்திரமும் குட்டையாக இருக்கும். காசு இடம் கொடுத்தால் வாங்குங்கள். இல்லையென்றால் கவலைப்படவே வேண்டாம், மாதம் இரண்டு முறை எடுக்கும் டிரில்லில் கார்பன் பிரஷ் தேய வருடக்கணக்காகும்.

சுத்தியல் படம் போட்ட டிரில்லைப் பற்றி மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு அதிகம் வீணாவது இங்கேதான். ஹேமர் டிரில்லுக்குள் பல் வைத்த இரண்டு உலோகத் தட்டுகள் இருக்கின்றன. நீங்கள் அழுத்தும்போது ஒன்றின் பல் மேல் மற்றொன்றின் பல் ஏறி இறங்கும், பிட் நிமிடத்துக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் முறை முன்னும் பின்னும் துள்ளும். துள்ளல் எண்ணிக்கையில்தான் அதிகம், ஒவ்வோர் அடியும் மிகச் சிறியது. செங்கல்லுக்கும் பூச்சுக்கும் அது போதும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் போதாது. ஜன்னலுக்கு மேலே திரைக்கம்பி மாட்டப் போனபோது இதை நான் நேரில் பார்த்தேன். முதல் இரண்டு சென்டிமீட்டர் பூச்சு வெண்ணெய் மாதிரி போனது, அதற்குள் இருந்த கான்கிரீட் உத்தரத்தில் பிட் போய் முட்டியதும் சத்தம் மாறி, இருபது நிமிடம் உடம்பின் பாரத்தை எல்லாம் கொடுத்து அழுத்தியும் சுண்டு விரல் நகம் அளவுகூட இறங்கவில்லை. பிட்டை வெளியே எடுத்தால் நுனி நீலம் பாய்ந்து, கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளால் ஆன முனை மழுங்கி உருண்டையாகி இருந்தது.

அந்த இடத்துக்கு வேண்டியது ரோட்டரி ஹேமர். அது வேறு இயந்திரம். உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று ஓர் இரும்புத் துண்டைப் பிட்டின் பின்பக்கத்தில் அடிக்கும். அடி குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் கனமானது. எஸ்டிஎஸ் என்ற பள்ளம் வெட்டிய தண்டுள்ள பிட் மட்டும்தான் அதில் ஏறும். உங்கள் வீட்டுச் சுவர் முழுக்கக் கான்கிரீட் என்றால் அதை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, எல்லா ஓட்டையையும் ஒரே மூச்சில் போட்டுவிடுங்கள், பேட்டரி டிரில்லை அதற்காகப் பெரிதாக வாங்காதீர்கள். இன்னொன்று, இம்பாக்ட் டிரைவர் என்று குட்டையாக ஒன்று இருக்கும், பார்க்க டிரில் மாதிரியே இருக்கும், அதில் அறுகோணத் தண்டுள்ள பிட்தான் மாட்டலாம். அது சுற்றும் திசையிலேயே தட்டித் தட்டி நீளத் திருகுகளை இறக்குவது, முதலில் சொன்ன எண் போட்ட வளையம் அதில் இருக்காது, சுவரில் ஓட்டை போடவும் ஆகாது. முதல் கருவியாக அதை வாங்க வேண்டாம்.

பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் வாய் 10 மில்லிமீட்டரா 13-ஆ என்று பாருங்கள். 10 என்றால் 10 மில்லிமீட்டர் வரை தடித்த தண்டு ஏறும், வீட்டுக்கு அதுவே பெரும்பாலும் போதும். கியர் இரண்டு இருக்க வேண்டும், இதில் சமரசம் வேண்டாம். அப்புறம், முடிந்தால் கையில் எடுத்துப் பாருங்கள். பேட்டரியோடு, கையை நீட்டி, ஒரு நிமிடம் அசையாமல் பிடியுங்கள். விசையை மெல்ல மெல்ல அழுத்தும்போது சக் நத்தை மாதிரி நகர ஆரம்பித்துப் படிப்படியாக வேகம் எடுக்கிறதா, அல்லது ஒன்றுமில்லாமல் இருந்து திடீரென்று பாய்கிறதா என்று கவனியுங்கள். எனக்கு ஒரு டிரில்லின் தரத்தைச் சொல்வது இந்த விசைதான்.

சரி, வாங்கியாயிற்று. முதலில் பிட் மாட்டுவது. திசை மாற்றும் பொத்தானை நடுவில் வைத்துவிடுங்கள், அந்த நிலையில் விசை பூட்டிக்கொள்ளும். சக்கைத் திறந்து பிட்டை உள்ளே விட்டு, கையால் இறுக்குங்கள். சக்குக்குள் மூன்று தாடைகள் இருக்கின்றன. மெல்லிய பிட்டாக இருந்தால் அது மூன்றுக்கும் நடுவில் நிற்காமல் இரண்டு தாடைகளின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், வெளியிலிருந்து பார்த்தால் இறுகிவிட்ட மாதிரியே தெரியும். மாட்டியதும் பொத்தானைத் தள்ளி, மெதுவாக ஒரு சுற்று ஓட்டி, நுனியைப் பாருங்கள். நுனி ஒரே புள்ளியில் நின்று சுழன்றால் சரி. வட்டம் போட்டால் கழற்றித் திரும்ப மாட்டுங்கள். இந்த ஐந்து நொடியை மிச்சம் பிடிக்கப் போய் ஒன்றரை மில்லிமீட்டர் பிட்களை நான் எத்தனையோ உடைத்திருக்கிறேன்.

மேலே இருக்கும் கியர் பொத்தானில் 1 என்பது மெதுவாக, பலமாக, நிமிடத்துக்கு 400, 500 சுற்று. 2 என்பது வேகமாக, முறுக்கு குறைவாக, 1,500 முதல் 2,000 சுற்று வரை. திருகு போட 1. மரத்திலும் செங்கல்லிலும் ஓட்டை போட 2. மரத்தில் பெரிய வட்ட வெட்டு என்றால் மறுபடியும் 1. கியரை மாற்றும்போது சக் நின்றிருக்க வேண்டும். ஓடும்போது தள்ளினால் உள்ளே பற்கள் உடையும்.

இனி அந்த வளையம். அதன் பெயர் கிளட்ச். எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு சீக்கிரம் அது மோட்டாரைத் திருகிலிருந்து பிரித்துவிடும், அப்போது டகடகவென்று ஒரு சத்தம் வரும், பிட் நின்றுவிடும். வளையத்தில் டிரில் பிட்டின் படம் போட்ட ஒரு நிலையும் இருக்கும், அதில் வைத்தால் கிளட்ச் வேலை செய்யாது, முழு சக்தியும் போகும். ஓட்டை போட மட்டும் அந்த நிலை. திருகு போடும்போது ஒருபோதும் அங்கிருந்து ஆரம்பிக்காதீர்கள். எந்த எண் சரி என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, மரத்துக்கு மரம், திருகுக்குத் திருகு மாறும். நான் செய்வது இது: அதே மரத்தின் ஒரு துண்டு மீதம் இருந்தால் அதில், இல்லையென்றால் முதல் திருகிலேயே, 3-இல் வைத்து ஆரம்பிப்பேன். திருகு பாதியில் நின்று டகடக என்றால் 5, அப்புறம் 7. திருகின் தலை மரத்தோடு சமமாக உட்கார்ந்த அந்த நொடியில் சத்தம் வர வேண்டும். அந்த எண் கிடைத்துவிட்டால் மீதி முப்பது திருகுகளையும் கண்ணை மூடிக்கொண்டு போடலாம், ஒன்றுகூடப் புதையாது, ஒன்றுகூட வெளியே நிற்காது. துகள் பலகையில், அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில், எண் இன்னும் குறைவாக இருக்க வேண்டும், அதில் ஒருமுறை மரை அறுந்தால் அறுந்ததுதான்.

திருகின் தலையும் பிட்டின் நுனியும் பொருந்துவது இதற்குச் சமமான முக்கியம். கூட்டல் குறி மாதிரி இருப்பதெல்லாம் ஒன்று இல்லை. ஹென்றி பிலிப்ஸ் 1936-இல் காப்புரிமை பெற்ற வடிவம்தான் பிலிப்ஸ், பெட்டியில் பிஎச் என்று இருக்கும். பிஇசட் என்று இருப்பது போசிடிரைவ். அதன் தலையில் கூட்டல் குறியின் நான்கு கைகளுக்கும் இடையில் மெல்லிய கோடுகள் நான்கு தெரியும். பிலிப்ஸ் பிட்டை அதில் போட்டால் நுழையும், ஆனால் ஆடும், சுமை ஏறியதும் வழுக்கித் தலையைச் சுரண்டிவிடும். பிட்டைத் திருகில் செருகி, திருகைப் பிடிக்காமல் பிட்டை மட்டும் பக்கவாட்டில் நீட்டிப் பாருங்கள். திருகு விழாமல் நின்றால் பொருத்தம் சரி. வீட்டில் அதிகம் தேவைப்படுவது இரண்டாம் எண் அளவுள்ள பிட். பிட் தேய்ந்ததும் தூக்கிப் போட்டுவிடுங்கள், தேய்ந்த பிட் ஒரு நல்ல திருகையும் கெடுக்கும்.

மரத்தில் திருகு போடுவதற்கு முன் ஒரு சின்ன வழி ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். அளவுக்குச் சுலபமான வழி, பிட்டைத் திருகின் முன்னால் நீட்டிப் பிடித்துப் பார்ப்பது. திருகின் நடுத்தண்டு பிட்டுக்குப் பின்னால் மறைய வேண்டும், மரை மட்டும் இரண்டு பக்கமும் வெளியே தெரிய வேண்டும். 4 மில்லிமீட்டர் திருகுக்கு மென்மரத்தில் 2.5, கடின மரத்தில் 3 என்று வரும். இரண்டு பலகைகளைச் சேர்க்கிறீர்கள் என்றால் மேல் பலகையில் மட்டும் திருகு தாராளமாக நுழையும் அளவுக்கு, 4 மில்லிமீட்டருக்குச் சற்றுப் பெரிதாக, ஓட்டை போடுங்கள். இல்லையென்றால் மரை இரண்டு பலகையையும் ஒரே சமயத்தில் பிடித்துக்கொண்டு நடுவில் ஓர் இடைவெளியை அப்படியே வைத்துவிடும், எவ்வளவு இறுக்கினாலும் அது மூடாது. பலகையின் ஓரத்தில் போடும்போது வழி ஓட்டை இல்லாமல் போகவே போகாதீர்கள், வெடிக்கும். மறுபக்கம் பிளவு வராமல் இருக்க, அடியில் ஒரு வேண்டாத கட்டையை அணைத்துப் பிடித்துத் துளைத்தால் ஓட்டை சுத்தமாக வரும்.

ஆழமான ஓட்டை என்றால் நடுவில் இரண்டு மூன்று முறை பிட்டை, சுற்றிக்கொண்டிருக்கும்போதே, வெளியே இழுத்துத் தூளை உதறிவிட்டுத் தொடருங்கள். பிட்டில் இருக்கும் சுருள் பள்ளம் தூளை வெளியே கொண்டுவரத்தான். அது அடைத்துக்கொண்டால் உரசல், சூடு, கடைசியில் பிட் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். 1971-இல் அப்பல்லோ 15-இல் போன டேவிட் ஸ்காட் நிலாவின் மண்ணில் பேட்டரி டிரில்லால் துளைத்தபோது இதேதான் நடந்தது. தண்டுகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் பள்ளம் சரியாக இல்லாததால் மண் மேலே வர வழியில்லாமல் அடைத்துக்கொண்டது. மாட்டிக்கொண்ட குழாயை வெளியே இழுக்க இரண்டு விண்வெளி வீரர்களும் சேர்ந்து போராட வேண்டியிருந்தது. உங்கள் பிட் மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், திசையை மாற்றி மெதுவாகப் பின்னோக்கி ஓட்டி எடுங்கள்.

சுவருக்கு வருவோம். துளைக்கும் முன் மின்கம்பி எங்கே போகிறது என்று யோசியுங்கள். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் கீழேயும், பக்கவாட்டில் நேராகவும் கம்பி போக அதிக வாய்ப்பு உண்டு, தண்ணீர் பிடிக்கும் குழாய்க்கு மேலே சுவருக்குள் தண்ணீர்க் குழாய் போகும். அந்தக் கோடுகளில் துளைக்காதீர்கள், சந்தேகம் இருந்தால் மெயினை அணைத்துவிடுங்கள். பேட்டரியில்தானே ஓடுகிறது, ஷாக் அடிக்காது என்று நினைப்பது ஆபத்து. கம்பியில் இருக்கும் மின்சாரம் உலோக சக் வழியாக உங்கள் கைக்கு வர முடியும். மெயினை அணைத்தாலும் டிரில் ஓடும் என்பது பேட்டரியில் உள்ள பெரிய வசதி, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

திருகு பிடிப்பதற்காகச் சுவர் ஓட்டைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக்குக்குத் தகுந்த அளவு பிட் வேண்டும். 6 மில்லிமீட்டர் பிளக்குக்கு 6 மில்லிமீட்டர் கார்பைடு முனை பிட், அதற்குள் 4 முதல் 5 மில்லிமீட்டர் திருகு. ஓட்டையின் ஆழம் பிளக்கைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும், அடியில் தூள் தங்க இடம் வேண்டும். அந்த ஆழத்தைப் பிட்டின் மேல் ஒரு துண்டு டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளலாம். முதலில் சுத்தியல் நிலை இல்லாமல் மெதுவாக ஆரம்பித்து, ஒரு குழி விழுந்ததும் சுத்தியலுக்கு மாற்றுங்கள், அப்போதுதான் பிட் ஓடி விலகாது. பூச்சுக்குள் மட்டும் பிளக் நின்றால் பாரம் தாங்காது, அதற்குப் பின்னால் உள்ள செங்கல்லுக்குள் போக வேண்டும், எனவே பூச்சின் தடிப்பைச் சேர்த்துக் கணக்குப் போட்டு நீளமான திருகை எடுங்கள். வெளியே வரும் தூளின் நிறத்தைப் பாருங்கள். சாம்பல் நிறம் சிவப்பாக மாறினால் செங்கல்லைத் தொட்டாயிற்று. போட்டு முடித்ததும் ஓட்டைக்குள் இருக்கும் தூளை ஊதி எடுத்துவிட்டுப் பிளக்கைத் தட்டுங்கள், ஊதும்போது கண்ணாடி போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். துளைக்கும் இடத்துக்குக் கீழே ஒரு காகித உறையை வாயைத் திறந்து ஒட்டிவைத்தால் தூள் முழுக்க அதில் விழும், தரையைக் கூட்டவே வேண்டாம்.

டைல்ஸ் மேல் சுத்தியல் நிலை கூடவே கூடாது. டைல் வெடித்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றுவது பெரிய வேலை. குறியிட்ட இடத்தில் காகித டேப் ஒட்டி, ஈட்டி முனை உள்ள டைல் பிட்டை வைத்து, கிளட்சை டிரில் நிலையிலும் கியரை 1-லும் வைத்து, விசையைப் பாதிக்குக் கீழே அழுத்தி ஆரம்பியுங்கள். முதலில் அரை நிமிடம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். மேல் பளபளப்பு உடைந்ததும் பிட் தானாக வழி கண்டுகொள்ளும். சத்தம் கீச்சென்று இருந்தது கரகரப்பாக மாறும், அதுதான் மெருகைத் தாண்டியதற்கு அடையாளம். நனைத்த ஸ்பாஞ்சால் நுனியை அவ்வப்போது தொட்டுக் குளிரவிடுங்கள், தண்ணீர் மோட்டார் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டைலைத் தாண்டிச் சுவருக்குள் போன பிறகு சுவர் பிட்டுக்கு மாறலாம். போர்சிலைன் வகை டைல் மிகக் கடினம், அதற்கு வைரத் துகள் பதித்த பிட்தான் வேண்டும். டைலின் மூலைக்கு நெருக்கமாகத் துளைக்க வேண்டாம்.

இரும்பில் துளைக்கும்போது மெதுவாகவும் அழுத்தமாகவும் போக வேண்டும், நிறையப் பேர் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள். பஞ்ச் என்ற கூர்முனை இரும்புக் குச்சியை வைத்து ஒரு தட்டுத் தட்டிக் குழி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். 6 மில்லிமீட்டர் பிட்டை நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,300 சுற்றுக்கு மேல் விட வேண்டாம், 10 மில்லிமீட்டர் என்றால் 800 போதும், அதாவது பிட் தடிக்கத் தடிக்க வேகம் குறைய வேண்டும். பிட் சரியாக வெட்டினால் சுருள் சுருளாக இரும்பு வரும். தூளாக வந்தால், கீச்சென்று கத்தினால், வேகத்தைக் குறைத்து அழுத்தத்தைக் கூட்டுங்கள். எவர்சில்வரில் இது இரட்டிப்பு உண்மை. வெட்டாமல் உரசிக்கொண்டே நின்றால் அந்த இடம் இன்னும் கடினமாகிவிடும், பிறகு எந்தப் பிட்டும் இறங்காது.

தகடு எதுவானாலும் கையால் பிடித்துக்கொண்டு துளைக்காதீர்கள். பிட் மறுபக்கம் வெளியேறும் அந்த நொடியில் தகட்டைக் கொக்கி போட்டு இழுத்துச் சுழற்றும், ஓரம் கத்தி மாதிரி கையை அறுத்துவிடும். கிளாம்ப் என்ற பிடிப்புக் கருவியைப் போட்டு இறுக்குங்கள், கடைசி மில்லிமீட்டரில் அழுத்தத்தைக் குறையுங்கள். துளைக்கும்போது கையுறை வேண்டாம், சுற்றும் சக் அதைக் கையோடு சேர்த்து இழுக்கும். நீளமான முடியைக் கட்டிக்கொள்ளுங்கள், தொங்கும் துணியைச் செருகிக்கொள்ளுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி எல்லா வேலைக்கும், கான்கிரீட்டுக்கும் செங்கல்லுக்கும் முகக்கவசமும் சேர்த்து.

பேட்டரியைப் பொறுத்தவரை பழைய பழக்கங்களை விட்டுவிடலாம். 1961-இல் பிளாக் அண்டு டெக்கர் வெளியிட்ட முதல் கம்பியில்லா டிரில் நிக்கல் காட்மியம் பேட்டரியில் ஓடியது, பல பத்தாண்டுகள் அந்த வகைதான் இருந்தது, முழுசாகத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்ற பேச்சு அந்தக் காலத்தது. லித்தியத்துக்கு அது தேவையில்லை, பாதியில் போடலாம். வேலை செய்து சூடாக இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜரில் மாட்டாமல் ஆறவிடுங்கள். மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில், டிரில்லிலிருந்து கழற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். மூடிய காருக்குள் விட வேண்டாம். உப்பிப்போன பேட்டரியைத் திரும்பச் சார்ஜ் செய்யாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள், மின்னணுக் கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள்.

அந்த அலமாரிக் கீலை என்ன செய்தேன் என்று சொல்லவில்லையே. மரை அறுந்த ஓட்டைக்குள் மரப்பசையைத் தாராளமாக விட்டு, மருந்தை உரித்த தீக்குச்சிகளை இறுக்கமாகச் செருகி, ஓர் இரவு காயவிட்டேன். காலையில் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைக் கத்தியால் சமமாக வெட்டி, நடுவில் 2.5 மில்லிமீட்டர் வழி ஓட்டை போட்டு, வளையத்தை 4-இல் வைத்து, அதே திருகைத் திரும்ப இறக்கினேன். தலை கீலில் உட்கார்ந்ததும் டகடக என்று சத்தம் வந்தது. விரலை எடுத்துவிட்டேன். அந்தக் கதவு இன்று வரை தொங்கவில்லை.